கம்பனி அறிக்கையில் நமது பக்கம்

(தோட்டத் தலைவர், தலைவியருக்கான பயிற்சி வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த வகுப்புகளில் சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கம்பனிகள் வருடா வருடம் வெளியிடும் ஆண்டறிக்கைதான் அந்தப் புத்தகம். வழுவழுப்பான தாள். அட்டையில் பனி படர்ந்த மலை இருக்கும், அல்லது கூடை சுமந்து சிரிக்கும் ஒரு அக்கா இருப்பார். அந்த அக்கா அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டிருப்பாரா என்பது சந்தேகம். கண்டாலும் உள்ளே இருப்பது ஆங்கிலம், அதுவும் நூற்றுக்கணக்கான பக்கம்.

ஒரு காலத்தில் அதற்குள் இலாப நட்டக் கணக்குத்தான் பெரிதாக இருந்தது. இப்போது "நிலைபேறு" என்ற பெயரில் ஒரு பெரிய பகுதி சேர்ந்திருக்கிறது. இன்றைக்கு நடத்தும் தொழிலை நாளைக்கும் நடத்தக்கூடிய விதத்தில் நடத்துவதற்குத்தான் நிலைபேறு என்று பெயர். மண் கெடக்கூடாது, தண்ணீர் வற்றக்கூடாது, வேலை செய்கிற மனிதர் தோட்டத்தை விட்டு ஓடிப்போகக்கூடாது. கடைசியில் சொன்னதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். அறிக்கை எழுதும் விதிகளிலேயே தொழிலாளியைப் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கேள்விகள் என்ன, அவற்றுக்குக் கம்பனி எப்படிப் பதில் எழுத வேண்டும், அந்தப் பதில் உண்மையா என்று நாம் எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் விதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2023 ஜூன் மாதம் சர்வதேச அளவில் இரண்டு நியமங்கள் வெளியாகின. எஸ்1 என்பது நிலைபேறு தொடர்பான பொதுவான விடயங்களுக்கு. எஸ்2 என்பது காலநிலைக்கு. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அவற்றை இலங்கை நியமங்களாக ஏற்றுக்கொண்டது. கொழும்புப் பங்குச் சந்தையில் சந்தைப் பெறுமதியில் முதல் 100 இடங்களில் உள்ள கம்பனிகளுக்கு 2025 ஜனவரி 1 முதல் அவை கட்டாயம். மற்றக் கம்பனிகள் படிப்படியாக உள்ளே வரும். "எங்கள் தோட்டக் கம்பனி அவ்வளவு பெரியது இல்லையே" என்று யாராவது சொல்லலாம். 1992இல் அரசாங்கம் தோட்ட முகாமைத்துவத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது நமக்குத் தெரியும். அந்தக் கம்பனிகளில் பல இன்று பெரிய குழுமங்களின் கைக்குள் இருக்கின்றன. தாய்க் கம்பனி அறிக்கை எழுதினால் அதன் கீழ் உள்ள தோட்டங்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இதைவிடப் பழையது ஜி.ஆர்.ஐ. என்ற உலக முறை. நமது கம்பனிகள் பலவும் வருடக்கணக்காக அந்த முறைப்படி எழுதுவதாகச் சொல்லிக்கொள்கின்றன. இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எஸ்1, எஸ்2 நியமங்கள் பணம் போடுகிறவருக்காக எழுதப்பட்டவை. மழை பிழைத்தால், ஆள் குறைந்தால் கம்பனியின் வருமானம் என்னாகும் என்று அவை கேட்கும். ஜி.ஆர்.ஐ. மற்றப் பக்கத்திலிருந்து பார்க்கும். கம்பனி மலையில் மருந்து அடித்தால் கீழே பீலித் தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு என்னாகும் என்று கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இரண்டையும் கேட்கிறது. எந்தக் கம்பனி எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறது என்று தெரியாமல் அறிக்கையை வாசித்தால் நாம் ஏமாந்துபோவோம்.

ஏனென்றால் பணக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நாம் தெரிவதே வேறு மாதிரி. "ஆபத்துகள்" என்று ஒரு பகுதி இருக்கும். வறட்சி, உர விலை, டொலர் பெறுமதி என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் "தொழிலாளர் பற்றாக்குறை" என்று ஒன்று, "சம்பள உயர்வு" என்று இன்னொன்று. நமது அடுப்பு எரிவது அவர்களுக்கு ஓர் ஆபத்து. சரி, அவர்கள் கணக்கிலேயே நின்று பேசுவோம். ஆள் இல்லை என்பது ஏன்? இளம் பிள்ளைகள் கொழும்புக்குக் கடைக்கும் கார்மண்டுக்கும் ஏன் போகிறார்கள்? மத்திய கிழக்குக்கு அம்மாமார் ஏன் போகிறார்கள்? சம்பளம் காணாது, மரியாதையும் காணாது. அப்படியென்றால் சம்பளத்தைக் கூட்டுவது முதல் ஆபத்துக்கு மருந்து. ஒரே பக்கத்தில் நோயையும் மருந்தையும் இரண்டு ஆபத்தாக எழுதி வைத்தால், அந்தக் கம்பனியிடம் திட்டம் ஒன்றும் இல்லை என்றுதான் பங்குதாரரும் விளங்கிக்கொள்ள வேண்டும். எஸ்1 நியமம் ஆபத்தைச் சொன்னால் மட்டும் போதாது என்கிறது. அதற்குப் பணிப்பாளர் சபையில் யார் பொறுப்பு, என்ன உபாயம், எப்படிக் கண்காணிக்கிறார்கள், எந்த அளவுகோல், எந்த இலக்கு என்று எல்லாம் சொல்ல வேண்டும். பத்து வருடத்தில் கொழுந்து பறிக்க யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு இலக்கம் போட்டுப் பதில் எழுதட்டும்.

சம்பள வரிகளை வாசிக்கும்போது கவனம் தேவை. ஜி.ஆர்.ஐ. முறையில் ஊழியர்களில் எத்தனை வீதம் பேர் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள் என்று எழுத வேண்டும். நமக்குத் தெரியும், 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்று கையெழுத்தானதுதான் கடைசிக் கூட்டு ஒப்பந்தம். 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தது. அதோடு கூட்டு ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. அதனோடு போனது சம்பள வரி மட்டுமா? பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைப் பேசித் தீர்க்கும் ஏற்பாடும் பிணக்குகளைத் தீர்க்கும் ஒழுங்கும் சேர்ந்து போயின. ஆகவே "எமது தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்தால் பாதுகாக்கப்படுகின்றனர்" என்ற பழைய வரி இன்னும் ஒரு அறிக்கையில் இருந்தால், எந்த ஒப்பந்தம், எந்தத் திகதி என்று நாம் எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தை 1,550 ஆக்கவும், அதற்கு மேல் அரசாங்கம் 200 ரூபா வரவுக் கொடுப்பனவு தரவும் முன்மொழிந்தது. அந்த 200 ரூபா மக்களின் வரிப்பணம். ஒரு கம்பனி தன் அறிக்கையில் "நாம் 1,750 ரூபா வழங்குகிறோம்" என்று எழுதினால் அது அடுத்த வீட்டுச் சோற்றைத் தன் விருந்தில் வைத்த கதைதான். ஒவ்வொரு அறிக்கையிலும் இந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்.

பணிப்பாளர் சபையின் அறிக்கையில் சின்னதாக இன்னொரு வரி வரும். ஊழியர் சார்பாகச் செலுத்த வேண்டிய சட்டரீதியான கொடுப்பனவுகள் எல்லாம் செலுத்தப்பட்டன என்று சொல்லும் வரி. அதன் அர்த்தம், நமது சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும் கம்பனி போட வேண்டிய 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போய்விட்டன, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போய்விட்டது என்பதுதான். தோட்டத்தில் ஒருவர் ஓய்வு பெற்று ஏழெட்டு மாதம் அலைகிறார், மாதங்கள் விடுபட்டிருக்கின்றன என்றால், அவருடைய கணக்குக் கூற்றும் அந்த வரியும் ஒரே மேசையில் வைக்கப்பட வேண்டும். தொழில் திணைக்களத்துக்குப் போகும் முறைப்பாட்டில் அந்தப் பக்கத்தின் போட்டோப் பிரதியையும் சேர்த்து அனுப்பினால் முறைப்பாட்டின் பாரம் கூடும்.

இனிக் குளவிக்கு வருவோம். சிரிக்காதீர்கள். நமது மலைகளில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் உண்டா? உயிரே போயிருக்கிறது. பல அறிக்கைகளில் உயிர்ப்பல்வகைமை என்று அழகான படங்களோடு பக்கங்கள் இருக்கும்: காட்டுத் துண்டு, பறவை, சிறுத்தை. காட்டைக் காப்பது நல்ல காரியம், நமக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் துப்புரவாக்காமல் காடாக விடப்பட்ட தேயிலை மலையும், கூட்டைப் பார்க்காமல் கொழுந்துக்கு ஆளை இறக்குவதும் உயிர்ப்பல்வகைமையில் சேராது. வேலைத்தளக் காயங்களை எண்ணி எழுத வேண்டும் என்பது ஜி.ஆர்.ஐ. விதி. செக்ரோலில் பெயர் உள்ளவரை மட்டும் எண்ணினால் போதாது. கம்பனியின் கட்டுப்பாட்டில் உள்ள வேலையில் காயப்பட்ட மற்றவரையும் எண்ண வேண்டும். அப்படியென்றால் கைக்காசுக்குப் பறிக்கிறவர், கொந்தராத்தில் மருந்து அடிக்கிறவர், வெளியார் உற்பத்தி முறையில் மலையைப் பிரித்துக் கொடுத்த இடத்தில் கம்பனி சொன்னபடி வேலை செய்கிறவர், இவர்களையெல்லாம் எங்கே எழுதியிருக்கிறார்கள்? பாதுகாப்புக் குழுவில் தொழிலாளி இருக்கிறாரா, குழு எத்தனை முறை கூடியது என்றும் அதே விதி கேட்கிறது. நமது தோட்டத்தில் அப்படி ஒரு குழு இருப்பது நமக்கே தெரியாவிட்டால், அறிக்கையில் வரும் குழு எங்கே கூடுகிறது?

காலநிலை விடயம் நமக்கு வாழ்வா சாவா என்ற விடயம். எஸ்2 நியமம் வெள்ளம், வறட்சி, மண்சரிவு போன்ற ஆபத்துகளால் கம்பனியின் சொத்துக்கும் தொழிலுக்கும் என்ன வரும் என்று மதிப்பிட்டு எழுதச் சொல்கிறது. கம்பனிகள் உடனே தேயிலைச் செடியையும் தொழிற்சாலையையும் கணக்குப் பார்க்கும். மின்சாரச் செலவு, சூரிய சக்தித் தகடு, கொழுந்து உலர்த்தும் விறகு, நட்ட மரக்கன்று எல்லாம் வரும். லயம் வருமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் இறங்கின. எந்த எந்த டிவிஷனில் எத்தனை குடும்பம் சிவப்பு வலயத்தில் இருக்கிறது, அவர்களை எப்போது, எங்கே, யார் செலவில் மாற்றுவது என்று எழுதாத காலநிலை அறிக்கையை நாம் அரை அறிக்கை என்றுதான் சொல்வோம். காணி அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்காரர், வீடு அமைச்சின் பொறுப்பு என்று பந்து மூன்று பக்கமும் உருளும். உருளட்டும். ஆனால் அந்த லயத்திலிருந்துதான் காலையில் பெரட்டுக்கு ஆள் வருகிறது. ஆள் இல்லாமல் தொழில் இல்லை என்ற அளவிலாவது அது கம்பனியின் ஆபத்து, அதன் அறிக்கையில் வர வேண்டிய விடயம்.

வெளிநாட்டுச் சட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆலோசகர்கள் அதைக் காட்டிப் பெரிய நம்பிக்கை தருகிறார்கள். பிரித்தானியாவில் 2015இன் நவீன அடிமைத்தனச் சட்டப்படி பெரிய கம்பனிகள் வருடம் ஒரு கூற்று வெளியிட வேண்டும். ஜேர்மனியில் 2023 முதல் நடைமுறையில் உள்ள வழங்கல் சங்கிலிச் சட்டம், பொருள் வரும் இடத்துத் தொழிலாளியும் முறைப்பாடு செய்ய வழி வைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டத்தில் றப்பர் உண்டு, தேயிலை இல்லை. ஆகவே கேகாலை, களுத்துறைப் பக்கத்துத் தோழர்கள் அதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஐரோப்பாவிலேயே இப்போது காற்று மாறியிருக்கிறது. 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு விதிகளைத் தளர்த்த யோசனை கொண்டுவந்தது. அறிக்கை எழுத வேண்டிய கம்பனிகளின் வட்டம் சுருங்குகிறது. அதைவிட முக்கியம், இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகள். அங்கிருந்து தேயிலை வாங்குகிறவர் நமது லயத்தைப் பற்றிக் கேட்டு வரப்போவதில்லை. ஐரோப்பா வந்து நமக்கு நியாயம் வாங்கித் தரும் என்று இருந்துவிட முடியாது. கிடைக்கும் கதவைத் தட்டுவோம், அவ்வளவுதான்.

சான்றிதழ்களுக்கும் இதே அளவு நம்பிக்கைதான் வைக்கலாம். 2023 பெப்ரவரியில் பிபிசி தொலைக்காட்சி கென்யாவின் பெரிய தேயிலைத் தோட்டங்களில் வேலைக்காகப் பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதை வெளியே கொண்டுவந்தது. அவை காட்டுக்குள் ஒளிந்திருந்த தோட்டங்கள் இல்லை. உலகச் சந்தைக்குப் பெயர்போன கம்பனிகளுக்காகத் தேயிலை கொடுத்தவை. பரிசோதகர் வந்து போகும் இடங்கள். பரிசோதகர் வரும் நாளில் யார் யாரைப் பேசவிடுகிறார்கள், மொழிபெயர்க்கிறவர் யார், பக்கத்தில் நிற்பது யார் என்பது நமக்கும் தெரியாததல்ல. துரையும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்க ஒரு பெண் தன் குறையைச் சொல்வாளா?

அப்படியென்றால் கம்பனி என்னதான் செய்ய வேண்டும்? பேச்சுவார்த்தைகளில் நாம் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அறிக்கையைக் கொழும்பில் ஆரம்பிக்காதீர்கள். ஆலோசகர் ஒருவரை வைத்து, போன வருட வரிகளைத் திருத்தி, படம் போட்டு முடிப்பது ஒரு வழி. பங்குச் சந்தை கேட்கிற கட்டங்களில் சரி அடையாளம் போட்டு முடிப்பது இன்னொரு வழி. இரண்டிலும் செலவு உண்டு, பலன் இல்லை. தோட்டத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலான இலக்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. செக்ரோலில் வேலை நாள் இருக்கிறது. கொழுந்து மடுவத்தில் நிறை இருக்கிறது, கழித்த கிலோவும் இருக்க வேண்டும். வைத்திய உதவியாளரின் புத்தகத்தில் காயம் இருக்கிறது. பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கிறது. களஞ்சியத்தில் எத்தனை கையுறை, எத்தனை முகமூடி கொடுத்தார்கள் என்ற பதிவு இருக்கிறது. இவற்றை டிவிஷன் டிவிஷனாகக் கூட்டினால் போதும். "பங்குதாரர்களோடு கலந்துரையாடினோம்" என்று எழுதும்போது பங்கு வைத்திருப்பவர் மட்டும் அல்லாமல் தொழிலில் சம்பந்தப்பட்ட எல்லோரும் அதில் அடக்கம் என்கிறது ஜி.ஆர்.ஐ. எந்த விடயம் முக்கியம் என்று தீர்மானிக்க யாருடைய கருத்தைக் கேட்டார்கள் என்று அறிக்கையில் சொல்ல வேண்டும். யாரைக் கேட்டீர்கள், எந்தத் தோட்டத்தில், எந்த மொழியில்? ஒரு பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் அச்சடித்துப் பெரட்டுக்களத்தில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு இல்லை. ஒட்டினால் பொய் எழுதக் கை கூசும். சில முகாமையாளர்கள் இதை நல்ல மனதோடு கேட்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்கும் ஆள் இல்லாத மலையைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை.

நமது பக்கத்து வேலை. பங்குச் சந்தையில் உள்ள கம்பனியின் ஆண்டறிக்கை பகிரங்கமானது, சந்தையின் இணையத்தளத்தில் யாரும் இறக்கலாம். தோட்டத்தில் உயர்தரம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து நமது தோட்டம், நமது டிவிஷன், சம்பளம், காயம், வீடு என்று வரும் பக்கங்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். முழுப் புத்தகத்தையும் வாசிக்கத் தேவையில்லை. மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் கம்பனி என்றால் அறிக்கை ஓகஸ்ட் அளவில் வந்துவிடும். ஒரு பங்காவது வைத்திருப்பவர் வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்குப் போகலாம். வேறு நாடுகளில் தொழிற்சங்கங்கள் பங்கு வாங்கிப் போய்க் கேள்வி கேட்டிருக்கின்றன. நமது மாவட்டக் காரியாலயங்களும் இதை யோசிக்க வேண்டும். ஜனவசம போன்ற அரச நிறுவனங்களின் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றிடம் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம்.

கம்பனியின் இலக்கம் பொய் என்று சொல்ல நம்மிடம் இலக்கம் இருக்க வேண்டும். இங்கேதான் நமது பலவீனம். குளவி கொட்டியது, நிறையில் வெட்டினார்கள், அரைப்பேர் போட்டார்கள் என்று கூட்டத்தில் சொல்கிறோம். திகதி கேட்டால் யாருக்கும் நினைவில்லை. அதற்காக இன்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி தருகிறோம். மாதர் தலைவியும் இளைஞர் அணியில் ஒருவரும் சேர்ந்து எழுத வேண்டும். திகதி, டிவிஷன், மலை இலக்கம், நடந்தது என்ன, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, எத்தனை நாள் வேலை போனது, அந்த நாளுக்குச் சம்பளம் கிடைத்ததா, இவ்வளவுதான் பத்திகள். நிறைக் கழிவுக்குத் தனிப் பக்கம், லய வெடிப்புக்கும் மண் நகர்வுக்கும் தனிப் பக்கம். காயப்பட்டவரின் பெயர் கொப்பியிலேயே இருக்கட்டும். கம்பனிக்குக் கொடுக்கும்போது எண்ணிக்கையை மட்டும் கொடுப்போம், யாருக்கும் பழிவாங்கல் வரக்கூடாது. மாதக் கடைசிக் கூட்டத்தில் வாசித்து, தலைவர் கையொப்பம் வைத்து, அந்தப் பக்கத்தைப் போன் கமராவில் பிடித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். முதல் மூன்று மாதப் பக்கங்கள் சேர்ந்ததும், போன வருட ஆண்டறிக்கையோடு அவற்றை எடுத்துக்கொண்டு கம்பனியிடம் திகதி கேட்போம். கொப்பிகள் வாசலில் மேசை மீது இருக்கின்றன, டிவிஷனுக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளுங்கள்.